வெளியே நிற்கும் ஒன்று

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் தோழி சொன்னதைக் கூட்டாமல் எழுதுகிறேன்.

குடிநீர் அறிக்கையின் மெய்ப்போடு, நீர்த்துறை அதிகாரி ஞானவடிவேலின் கூட்டத்துக்குப் போயிருந்தாள் அதே அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் பூங்கோதை. ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அட்டவணையில் மற்ற ஊர்கள் 0.8, 1.1 என்றிருக்க, கருங்கல்மேடு மட்டும் 12.4. தசமப் புள்ளிகளை அவள் ஒரே நேரில் நிறுத்தியிருந்ததால், 12-இன் முதல் இலக்கமான அந்த ஒன்று மட்டும் இடப்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது.

“அசிங்கமா இருக்கும்மா. இடது ஓரம் நேரா வரணும். புள்ளியும் கலையக் கூடாது, எண்ணையும் தொடக் கூடாது. முடியலைன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்” என்றார் அதிகாரி, ஊராட்சித் தலைவர்கள் முன்னால்.

“முடியும் சார். ஆனா அது என் கம்ப்யூட்டர்ல இல்ல, உங்க கையில இருக்கு. கருங்கல்மேட்டுக்கு நல்ல தண்ணி குடுங்க. அந்த ஒண்ணு தானா காணாமப் போயிடும்.”

ஒரு தலைவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். “இதையா சார் அங்க பிள்ளைங்க குடிக்குதுங்க?”

அட்டவணை அப்படியே அச்சானது.

பிறகு நூலகத்தில் அடுத்த ஆண்டு அறிக்கையைத் தேடிப் பார்த்தேன். பக்க அமைப்பு பூங்கோதைதான். கருங்கல்மேடு 11.9. அந்த ஒன்று இன்னும் வெளியேதான் நிற்கிறது.