பன்னிரண்டாவது கணினி

ஆம்புலன்ஸ் அழைப்புகளைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் நஸீமாவை எல்லாரும் ‘லாக் குரு’ என்று கேலி செய்வார்கள். கணினிகள் தாம் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும் லாக்கைப் படிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவளுக்கு வயது இருபத்தெட்டு. அவளிடம் தொழில் கற்க வந்த வேதமுத்துவுக்கு ஐம்பத்தொன்று.

இரண்டு நாளாகச் சில அழைப்புகள் வந்த சுவடே இல்லாமல் காணாமல் போயின. உயிர் போகிற விஷயம். காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வேதமுத்துவின் தலையில் விழுந்தது. நாலு கோடி வரிகளில் ‘எரர்’ என்ற சொல்லைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

புதன்கிழமை மதியம் மற்றவர்கள் கும்பலாகச் சாப்பிடப் போனார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. மனைவி எஸ்தர் இறந்த பிறகு தனியாகச் சாப்பிடுவதும் பழகிவிட்டது. தினமும் டீம் குரூப்பில் காலை வணக்கம் போடுகிறவர், பத்து நாளாக அதையும் விட்டுவிட்டார். ஏனென்று கேட்க நாதியில்லை. அது அவருக்கு வலித்தது.

கூப்பிடாமலே நஸீமா டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர் சார்?”

“பன்னெண்டு மேடம். பதினொண்ணு ஓயாம புலம்புது. எல்லாத்தையும் பார்த்துட்டேன், ஒண்ணும் பெரிசா இல்ல.”

“பன்னெண்டாவது?”

“அது தங்கமான கம்ப்யூட்டர். ஒரு எரர் கிடையாது. நான் திறந்துகூடப் பார்க்கல.”

“திறங்க.”

திறந்தார். நிமிடத்துக்கு ஒரு வரி. ‘நலம்.’ ‘நலம்.’ ‘நலம்.’ கடைசி ‘நலம்’ திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

வேதமுத்து உடனே போனைப் போட்டு, அந்தக் கணினிக்கு இனி ஒரு அழைப்பும் அனுப்பாதீர்கள், மற்றவற்றுக்குத் திருப்பிவிடுங்கள் என்று கத்தினார். பிறகுதான் மூச்சு வந்தது.

“ரெண்டு நாளா செத்துக் கிடந்திருக்கு மேடம். அதைப் போய் நல்லா இருக்குன்னு நினைச்சேனே!”

நஸீமா டிபன் பாக்ஸைத் திறந்தாள். பாதிச் சோற்றை மூடியில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பதினொண்ணு கூச்சல் போடும்போது, சத்தம் போடாததைப் பார்க்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுது?” என்றார் அவர்.

“பத்து நாளா உங்க வணக்கம் வரல சார். டீம்ல விசாரிச்சேன். ‘அவரால ஒரு தொந்தரவும் இல்ல’ன்னாங்க. அதான் வந்தேன்.”