பேகடாவுக்கு எவ்வளவு நாதஸ்வரம்

மாசிலாமணி தன் குருவைவிட ஆறு வயது மூத்தவர். மின்வாரிய வேலையை விட்டுவிட்டு, கல்லூரி இசைத்துறைத் தலைவர் தில்லைநாயகியிடம் பாட்டுக் கற்க வந்தவர். இப்போது அதே துறையில் அவரும் பாடம் எடுக்கிறார்.

இணையத்துக்காக அவர் தயாரித்த முதல் பாடம் பேகடா ராகம். இணையத்தில் ஏறிய வாரத்திலேயே அது நீக்கப்பட்டது. அதில் ஒலித்தது நாதஸ்வர வித்வான் சிங்காரம் தானே பதிவுசெய்து வெளியிட்ட ஆலாபனை. அவர் ஆட்சேபித்திருந்தார். திங்கட்கிழமைக்குள் வேறு பாடம் தராவிட்டால் பேகடா இன்னொரு ஆசிரியருக்குப் போய்விடும்.

மாசிலாமணி மடிக்கணினியோடு குருவின் அறைக்கு வந்தார்.

"வகுப்புல போட்டப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே, மேடம்."

"வகுப்புல கேட்டது நம்ம பிள்ளைங்க. அதுக்குச் சட்டமே இடம் குடுக்குது. இது ஊர் உலகத்துக்கே போட்டது."

"அப்ப பாடத்துக்கு எவ்வளவுதான் எடுக்கலாம்? முப்பது விநாடிங்கறாங்க. வக்கீலைக் கேட்டா அப்படி ஒரு கணக்கே இல்லைங்கறார்."

"நீங்க எவ்வளவு எடுத்தீங்க?"

"முழு ஆலாபனையும். நடுவுல வெட்டக் கை வரலை. பாவம் இல்லையா?"

தில்லைநாயகி சிரித்தார். "அந்த மனுஷன் சாதகம் பண்றப்ப அதே ஸ்வரப் பிடியை எத்தனை தரம் நிறுத்தி நிறுத்தி வாசிச்சிருப்பார். சரி, பாடத்தைப் போடுங்க."

பாடம் ஓடியது. நாதஸ்வரம் வந்தபோதெல்லாம் தில்லைநாயகி ஒலியை அடைத்தார். மாசிலாமணி பேசியபோது மட்டும் திறந்தார்.

அறையில் சத்தமே இல்லை. எப்போதாவது பாடத்திலிருந்து மாசிலாமணியின் குரல் மட்டும் வந்தது.

"ஆகா."

"கேளுங்க, கேளுங்க."

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மாசிலாமணி மடிக்கணினியை மூடினார்.

"அந்த 'நி' இருக்கே, நிஷாதம், அது எந்த இடத்துல பேகடா ஆகுது?" என்றார் குரு. "பாடிக் காட்டுங்க."

அவர் பாடினார். சரியாக வரவில்லை. மறுபடி பாடினார். வெயில் இறங்கும்வரை பாடினார்.

புதிய பாடத்தில் மாசிலாமணி முதலில் தாய் ராகமான சங்கராபரணத்தின் நிஷாதத்தை வைத்துப் பாடினார். பேகடா காணாமல் போனது. அதை இம்மியளவு இறக்கிப் பாடினார். பேகடா வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் வித்வானின் பெயரைச் சொல்லி, ஒரு மூச்சளவு நாதஸ்வரம். நிறுத்தி, கேட்டது என்ன என்று விளக்கினார். பிறகு இன்னொரு மூச்சு.

பாடம் வெளியான அன்று சிங்காரமே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏன் சார், போன தடவை என் தோள்ல ஏறி உக்காந்து ஊர்வலம் போனீங்க. இந்தத் தடவை நடந்தே வந்திருக்கீங்க போல."

"தப்பா எதுவும் இல்லையே, அண்ணே?"

"என் நிஷாதத்தை இவ்வளவு கிட்ட வச்சு எனக்கே யாரும் காட்டினதில்லை. முழு ஆலாபனையும் போட்டுக்கங்க. எழுதியே தர்றேன்."

மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே குருவிடம் போனார்.

"வித்வானே சம்மதிச்சுட்டார், மேடம். முழுசையும் பாடத்துல சேர்த்துடலாமா?"

தில்லைநாயகி புதிய பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு தன் சீடரை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க சார் சேர்க்கறது? முழுக்க நீங்கதானே இருக்கீங்க."