நடுவரின் முகம்

“என் படத்துல எல்லாம் இருக்கு. ஆள் மட்டும் இல்லையாம், டீச்சர்.”

தனுஷ்கோடி இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் அவர். முகம் எடுப்பதில் பெயர் வாங்கியவர். கல்யாணப் பேச்சு தொடங்கினால், “முதல்ல தனுஷ்கோடிகிட்ட ஒரு படம் எடுத்துடுங்க” என்பார்கள்.

எதிரே இருந்த கௌசர், பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. தனுஷ்கோடியைவிட இருபது வயது சின்னவர். பென்சிலால் அவர் வரைகிற முகங்கள் ‘எப்ப வந்தீங்க?’ என்று கேட்கப்போவது போலிருக்கும் என்று ஊரில் பேச்சு.

“யார் சொன்னது?” என்று கேட்டார் கௌசர்.

“லூர்தம்மாள். ரெஃப்ரீ சூசைமாணிக்கத்தோட சம்சாரம்.”

சூசைமாணிக்கத்தை அறியாதவர் இல்லை. அந்தப் பக்கத்துக் கால்பந்து மைதானங்களில் எல்லாம் விசில் ஊதியவர். அந்த மழைக்காலத்தில்தான் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்துக்காகக் கிளப்காரர்கள் தனுஷ்கோடி எப்போதோ எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

லூர்தம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல படம். யாரு இவரு?” என்று கேட்டார்.

படம் திரும்பி ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டது.

இப்போது தனுஷ்கோடி அதைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் நிழல். கண்ணில் ஒரு பொட்டு ஒளி. ஒவ்வொரு சுருக்கமும் துல்லியம்.

“இதுல என்ன குறை?”

“குறையே இல்லை” என்றார் கௌசர்.

“அப்புறம் ஏன் அந்தம்மா அப்படிச் சொன்னாங்க?”

“எப்படா முடியும்னு உட்கார்ந்திருக்கார், பாருங்க.”

தனுஷ்கோடி பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு அந்தப் படத்தில் வேறெதுவும் தெரியவில்லை.

“ஒருத்தரோட குணத்தைப் படத்துல எப்படிப் பிடிக்கிறது? எனக்குக் கத்துக்கொடுங்க, டீச்சர். வயசைப் பார்க்காதீங்க.”

“பிடிக்கிறதா?” கௌசர் பென்சில் சீவிக்கொண்டே சொன்னார். “அது என்ன கோழியா, அண்ணே?”

தனுஷ்கோடி சிரிக்கவில்லை.

“சனிக்கிழமை லூர்தம்மாள் வீட்டுக்குப் போறேன். அவரை வரைஞ்சு கொடுக்கச் சொல்லியிருக்காங்க. கூட வாங்க.”

“அந்த வீட்டுக்கா?”

“அந்த வீட்டுக்குத்தான்.”

“கேமரா?”

“உங்க இஷ்டம்.”

*

லூர்தம்மாள் தனுஷ்கோடியை வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தனுஷ்கோடிக்கு.

மகன் அமலன் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தான். துபாயில் வேலை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன் இன்னும் திரும்பிப் போகவில்லை. எப்போது போவான் என்று சொல்லவும் இல்லை.

கௌசர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். நெற்றி எப்படி, மூக்கு எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

“வெளியே போயிட்டு வந்தா முதல்ல என்ன செய்வார்?”

“செருப்பை ஜோடி சேர்த்து வைப்பார். வீட்டுல கிடக்கிற எல்லார் செருப்பையும்.”

“கோபம் வந்தா?”

“பாத்திரம் விளக்குவார். சத்தம் ஜாஸ்தியா கேட்டா நாங்க அந்தப் பக்கமே போக மாட்டோம்.”

லூர்தம்மாள் லேசாகச் சிரித்தார். கௌசரும் சிரித்தார். தாளில் ஒரு கோடு விழவில்லை.

தனுஷ்கோடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். பின்னாலிருக்கும் காலண்டரைக் கழற்றிவிடலாம்.

“அண்ணே, என்ன பார்க்குறீங்க?” என்றார் கௌசர்.

“ஒண்ணுமில்ல. வெளிச்சத்தை.”

“அவங்க பேசிட்டிருக்காங்க.”

தனுஷ்கோடி ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தார்.

கௌசர் மறுபடி லூர்தம்மாளிடம் திரும்பினார். “அவருக்குப் பிடிக்காத வேலைன்னு ஏதாவது இருந்துச்சா?”

லூர்தம்மாள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சிவப்பு அட்டை காட்டுறது” என்றார். “ஆளை வெளியே அனுப்பிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது அவருக்கு. பெரிய மேட்ச் ஒண்ணுல அமலனையே அனுப்பினார்.”

“சொந்த மகனையா?” என்றார் தனுஷ்கோடி, தன்னை அறியாமல்.

“இவன் ஆடுற மேட்ச்சுன்னா அவர் போக மாட்டார். அன்னிக்கு வர வேண்டிய ரெஃப்ரீக்குக் காய்ச்சல். வேற ஆள் கிடைக்கலை. இவன் ஒரு பையனைக் காலை வாரிவிட்டுட்டான். எல்லாரும் பார்த்தாங்க. அப்பா விட்டுருவார்னு நினைச்சிட்டான் போல. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க வந்தவங்க வேற உட்கார்ந்திருந்தாங்க. அதோட போச்சு. அப்புறம் இவன் பந்தைத் தொடலை. அப்பாகிட்டப் பேச்சும் கேட்டதுக்குப் பதில்னு ஆயிடுச்சு.”

“எப்படி அனுப்பினார்?” என்றார் கௌசர்.

“எப்படின்னா?”

“நீங்க பார்த்தீங்கல்ல?”

“மைதானத்துக் கோட்டுப் பக்கத்துலதான் நின்னேன்.”

லூர்தம்மாள் எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு முதுகு நிமிர்ந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடி வந்தவர் மூச்சு வாங்குவது போல வாங்கினார். இல்லாத சட்டைப் பைக்குள் கை போயிற்று. கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். கை மெதுவாக மேலே எழுந்தது.

கண் மட்டும் அன்று எதிரே நின்றவனின் முகத்தைவிட்டு அசையவில்லை.

விரட்டுகிறவர் முகமாக இல்லை அது. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறவர் முகம்.

அடுக்களை வாசலில் அமலன் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். தட்டைத் தரையில் வைத்தான்.

“அம்மா. அப்பா அன்னிக்கு இப்படியா நின்னார்?”

“இப்படித்தான்டா. நீ பார்க்கலையா?”

“நான் அட்டையைத்தான் பார்த்தேன்.”

லூர்தம்மாளின் கை இறங்கியது. முகம் மறுபடி அவர் முகமாயிற்று. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அமலன் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான்.

பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. கௌசர் எப்போது வரையத் தொடங்கினார் என்று தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை.

கோடுகள் அதிகமில்லை. முடித்ததும் தாளை லூர்தம்மாளிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

“வந்துட்டீங்களா” என்றார் தாளிடம்.

மகன் எட்டிப் பார்த்தான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து லூர்தம்மாள் தனுஷ்கோடியைக் கூப்பிட்டார்.

“ஸ்டுடியோக்காரரே, கேமரா கொண்டாந்திருக்கீங்களே. என்னையும் இவனையும் ஒரு படம் எடுத்துக் கொடுங்க.”

தனுஷ்கோடி எழுந்தார். கை பழக்கத்தில் முன்னால் நீண்டது. யாரை எடுத்தாலும் முதலில் தாடையைத் தொட்டு வெளிச்சத்துக்குத் திருப்புகிற கை. பாதி வழியில் நின்றுவிட்டது.

கேமராவை நாற்காலியில் வைத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அமலனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு ராத்திரி அப்பா வீட்டுக்கு வந்ததும் என்ன செஞ்சார், தம்பி?”

அமலன் சற்று யோசித்தான்.

“பாத்திரம் விளக்கலை” என்றான். “என் பூட்ஸை எடுத்து, சேறு போகக் கழுவினார். நான் போர்வைக்குள்ளேருந்து பார்த்தேன். அதுக்கு முன்னாடி, மேட்ச் முடிஞ்சு வர்ற வழியிலயே...”

சொல்லிக்கொண்டே போனான். தனுஷ்கோடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கௌசர் பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நான் கிளம்புறேன், அண்ணே.”

தனுஷ்கோடியின் காதில் அது விழவில்லை.