கொம்பையா அண்ணாச்சி பேப்பர் விரித்தால்

திருச்செந்தூர் பாசஞ்சரில் ஜன்னலோர இடம் கிடைப்பது முருகன் தரிசனத்தைவிடக் கஷ்டம். அன்றைக்குப் பிலோமினா டீச்சருக்குக் கிடைத்துவிட்டது. கையில் கொலைக் கதை. கடைசி அத்தியாயம்தான் பாக்கி. வீட்டுக்குப் போனால் மாமியாரும் குக்கரும் மாறி மாறிக் கூப்பிடுவார்கள். கொன்றது யார் என்று தெரியாமல் இன்னொரு ராத்திரி தூங்க அவளால் முடியாது. ஆறுமுகநேரி வருவதற்குள் முடித்தே ஆக வேண்டும்.

அத்தியாயத்தின் முதல் வரியில் கண் வைத்தாள். எதிர் சீட்டில் கொம்பையா அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம்.

“என்ன டீச்சர், வாசிக்கியளா? வாசிங்க, வாசிங்க. நான் தொந்தரவே பண்ண மாட்டேன். பொது எடத்துல வாசிக்கதுக்கு ஒரு தெறமை வேணும் பாத்துக்கிடுங்க. நான் பேப்பரை விரிச்சா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்.”

பிலோமினா மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

“மதுரை பஸ்ஸுல ஒருத்தன், ‘சாருக்கு எந்த ஊரு?’ன்னு கேக்க வாயத் தொறந்தான். பேப்பருக்கு மேல ஒரு பார்வைதான் பாத்தேன். தொறந்த வாய் தொறந்தபடியே நின்னுபோச்சு. மாட்டுத்தாவணியில டாக்டர் வந்துதான் மூடிவிட்டாரு.”

“கொசு போயிருக்குமே,” என்றாள் பனங்கிழங்குக் கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த உலகம்மாள்.

“ஒண்ணும் போகல. கொசுவுக்கும் எம்மேல பயம். இது என்ன! எங்க மச்சினன் கல்யாணத்துல முன்வரிசையில ஒக்காந்து வாசிச்சேன். நாதஸ்வரக்காரர் ஊதாம வெரலை மட்டும் ஆட்டுதாரு. ஐயர் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’னு காதுக்குள்ள சொல்லுதாரு. தவில்காரர் தவிலைத் தடவிக் குடுத்தாரு. அப்படித்தான் தாலி ஏறிச்சு.”

“மொய் எழுதினியளா, இல்ல அதுக்கும் தலையத் தூக்கலையா?” என்றாள் உலகம்மாள்.

பெட்டியே சிரித்தது. பிலோமினா அதே வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். வண்டி நாசரேத்தைத் தாண்டிவிட்டது. அவளுக்கு அழுகையே வந்தது.

“சிரிக்காதிங்க. போன மாசம் இதே வண்டியில எமனே வந்தான். பாசக்கயித்தோட நிக்கான். நான் நிமிந்து பாக்கல. நின்னு நின்னு கால் கடுத்துப்போயி, ‘அண்ணாச்சி, நடுப்பக்கம் வாசிச்சாச்சுன்னா கொஞ்சம் குடுங்களேன்’ன்னான். உருவிக் குடுத்தேன். ஒக்காந்து வாசிச்சவன் வந்த சோலியவே மறந்து குரும்பூர்ல எறங்கிப் போயிட்டான். எருமை இன்னும் ஸ்டேஷன் வாசல்ல நிக்கு.”

“அவன் மறந்துட்டுப் போனது நாங்க செஞ்ச பாவம்,” என்றாள் உலகம்மாள்.

பிலோமினா புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டாள். கதையில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்லிவிட்டார். கையை நீட்டிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அட்டைப்படம் அண்ணாச்சியின் கண்ணில் பட்டது.

“அட, இந்தக் கதையா? கம்பவுண்டர்தான் டீச்சர் கொன்னது! ஊசியில வெசம். நான் அப்பவே வாசிச்சாச்சு.”

பிலோமினா புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

“அண்ணாச்சி, நீங்க கடைசிப் பக்கம் வாசிக்கும்போது ஒருத்தன் இப்படிச் சொன்னா என்ன செய்வீங்க?”

“என்ன செய்வேனா?” அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். “அந்த எடத்துலயே கழுத்த நெரிச்சுக் கொன்னுருவேன்!”

உலகம்மாள் கூடையை நகர்த்தி டீச்சருக்கு வழிவிட்டாள்.

“செய்யுங்க டீச்சர். நாங்க எல்லாரும் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிடுதோம்.”