தலைமடைக்காரன் எழுதிய பரீட்சை

சத்தியம், சத்தியம், இன்னொரு தடவையும் சத்தியம். இதில் ஒரு எழுத்து பொய்யென்றாலும், என் வாயில் மிச்சமிருக்கிற ஒரே கடவாய்ப்பல் இப்பவே கழன்று உங்கள் காப்பித் தம்ளரில் விழட்டும். விழுந்ததா? இல்லையே. அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

முக்கூட்டுமடை என்று ஒரு ஊர். ஊருக்கு ஒரே ஒரு வாய்க்கால். வருசா வருசம் அதைத் தூர்வார ஊரையே மூணு பங்காகப் பிரித்திருந்தார்கள். குளத்து மதகை ஒட்டின தலைமடை ஒரு தெருவுக்கு, நடுமடை அடுத்த தெருவுக்கு, வயல்காட்டில் போய் முடிகிற கடைமடை மூணாவது தெருவுக்கு. ஒருத்தர் பங்கில் அடுத்தவர் மண்வெட்டி பட்டால் அபராதம்.

இந்த ஏற்பாடு அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஊரில் எல்லாக் காரியமும் அப்படியே நடந்தது. கல்யாண வீட்டில் தலைமடைக்காரர்கள் சோறு வடிப்பார்கள், நடுமடைக்காரர்கள் குழம்பு வைப்பார்கள், கடைமடைக்காரர்கள் எச்சில் இலை எடுப்பார்கள். இழவு வீட்டில்கூடத் தலைமடைப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சோறு பொங்கப் போய்விடுவார்கள். மிச்ச அழுகை மற்ற தெருக்காரர்கள் பாடு.

இந்தப் பங்கையெல்லாம் பிரித்துக் கொடுக்கிற ஊர்த்தலைவர், தலைமடைத் தெரு மாடக்கண்ணு. அவருடைய மகன் இசக்கிமுத்து அந்த வருசம் பள்ளியிறுதிப் பரீட்சை எழுத வேண்டும். அப்போதெல்லாம் பதினோராம் வகுப்புதான் கடைசி. கூட எழுதுகிறவர்கள் நடுமடைத் தெரு சங்கையாவும், கடைமடைத் தெரு வெள்ளத்தாயியும்.

இசக்கிக்குப் பரீட்சை பயமில்லை. அவன் பயமெல்லாம் சொர்ணம்.

சொர்ணம் அவர்கள் வீட்டு எருமை. இசக்கி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே அவனைக் கண்டால் அதற்கு ஆகாது. ஊரில் யார் குறுக்கே போனாலும் அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். இசக்கியைப் பார்த்தால் மட்டும் அசைபோடுவதை நிறுத்தும். தலையைத் தாழ்த்தும். அதன் பிறகு நடப்பதை இசக்கி நின்று பார்த்ததில்லை.

அப்பா ஊர்ச்சாவடியில் பத்துப்பேர் முன்னால் சொல்லிவிட்டார்: “ஏலே இசக்கி, நல்லாக் கேட்டுக்கோ. பாஸானது மேல்படிப்புக்கு டவுனுக்குப் போகணும். ஃபெயிலானது சொர்ணத்தை மேய்க்கணும். மாடக்கண்ணு சொன்ன சொல்லு மாறாது.”



மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் தேவசகாயம் சார் மூணு பேரையும் கூப்பிட்டு உட்கார்த்தினார். நல்ல மனுசன். “பிள்ளைகளா, மூணு பேரும் கூடிப் படிங்க. ஒருத்தருக்குத் தெரியாததை இன்னொருத்தர் சொல்லிக் குடுங்க. தன்னால பாஸாயிருவீங்க” என்றார்.

மூணு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இதை அலசினார்கள்.

“சார் சொன்னதைக் கவனிச்சியாலே?” என்றான் சங்கையா. “ஒருத்தருக்குத் தெரியாததைத்தான் இன்னொருத்தர் சொல்லணுமாம். மூணு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா என்னலே செய்யது?”

இசக்கிக்கு வேர்த்துவிட்டது. “அப்ப சொல்லிக் குடுக்கதுக்கு ஒண்ணுமே இருக்காதுலா?”

“சொல்லிக் குடுக்காட்டா பாஸாக முடியாது,” என்றாள் வெள்ளத்தாயி. மூணு பேரிலும் அவள்தான் புத்திசாலி என்று பெயர். “அதனால யாருக்கும் எல்லாம் தெரிஞ்சிராமப் பாத்துக்கிடணும். அதுதான் முக்கியம்.”

விசயம் மாடக்கண்ணுவிடம் போனது. அவர் மீசையைத் தடவினார். “இதுக்கா இப்படி முழிக்கிய? வாய்க்கா மாதிரி பிரிச்சுக்கிட்டாப் போச்சு.” அங்கேயே காவிக்கட்டியை எடுத்து, புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் குறுக்கே ரெண்டு கோடு கிழித்தார். பாடத்தின் தொடக்கம் தலைமடை, அது இசக்கிக்கு. நடுப்பகுதி சங்கையாவுக்கு. முடிவு வெள்ளத்தாயிக்கு.

“மாமா, சொல்லிக் குடுக்கது எப்ப?” என்று கேட்டாள் வெள்ளத்தாயி.

“தலைமடையில தெறந்தா கடைமடைக்குத் தண்ணி தானா வரும் பிள்ளே. அதுக்குத் தனியா ஒரு ஆளு போய்ச் சொல்லணுமா?”

எல்லாருக்கும் திருப்தி. இசக்கிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே. எதிலும் முதல் பங்கு தன் வீட்டுக்கு என்பதில் அவனுக்குப் பெருமை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

படிப்பு தொடங்கியது. சரித்திரத்தில் இசக்கிக்கு எல்லா ராஜாக்களும் பிறந்தார்கள், ஒருத்தனும் சாகவில்லை. சங்கையாவுக்கு ராஜாக்கள் எங்கிருந்தோ குதிரையில் வந்து சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளத்தாயிக்கு வெறும் சாவு. பாவம், புத்தகத்தைத் திறந்தாலே ஒருத்தன் போய்ச் சேர்ந்திருப்பான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படித்தாள். அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடைமடைப் பங்கு ஒப்பாரியைப் பாடி ஒத்தாசை செய்தாள்.

கணக்கில் இசக்கி கேள்வியை அழகாக எழுதி, ‘தீர்வு’ என்று போட்டு அடிக்கோடு போடப் படித்தான். வழிமுறை முழுக்கச் சங்கையாவிடம். விடை வெள்ளத்தாயியிடம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு நாள் பெரிய குற்றம் நடந்துவிட்டது. ஒரு ராஜாவை எதிரிகள் கோட்டைக்குள் வைத்துச் சுற்றி வளைத்த இடத்தில் காவிக்கோடு வந்துவிட, இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆள் தப்பித்தானா இல்லையா? வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காவிக்கோட்டைத் தாண்டிக் கடைசிப் பத்தி வரைக்கும் படித்துவிட்டான். சங்கையா பார்த்துவிட்டான்.

“மடையை உடைச்சுட்டான்! கடைமடைப் பாடத்தைத் திருடிப் படிச்சுட்டான்!”

ஊர் கூடியது. மகன் என்றும் பார்க்காமல் மாடக்கண்ணு விசாரித்தார். “திருடின தண்ணியைத் திருப்பி விடணும். படிச்சதை மறந்துருலே.”

“எப்படிப்பா மறக்கது?”

பஞ்சாயத்து யோசித்தது. ஒருத்தர் தலையில் குட்டிப் பார்க்கலாம் என்றார். இன்னொருத்தர், படித்தது கண் வழியாகத்தானே உள்ளே போனது, வெங்காயம் உரித்து அழவிட்டால் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும் என்றார். ரெண்டையும் செய்து பார்த்தார்கள். ராஜா செத்தது இசக்கிக்கு இன்னும் நினைவிருந்தது. கடைசியில் வெள்ளத்தாயிதான் சொன்னாள்: “சொர்ணத்துக்கு முன்னால நிறுத்துங்க.”

நிறுத்தினார்கள். சொர்ணம் அசைபோடுவதை நிறுத்தியது. தலையைத் தாழ்த்தியது. கொஞ்ச நேரம் கழித்துப் புளியமரத்தின் உச்சிக்கிளையிலிருந்து இசக்கியை இறக்கி, “ராஜா என்ன ஆனான்?” என்று கேட்டார்கள்.

“எந்த ராஜா? நான் யாரு?” என்றான் இசக்கி.

பஞ்சாயத்து நிம்மதியாகக் கலைந்தது.

பரீட்சை முடிந்ததும் மேல்படிப்பு யோசனை வரும் என்பதால், முன்கூட்டியே அதையும் ஊர் பேசி முடித்துவைத்தது. ஊருக்கு டாக்டர் இல்லை. ஆகவே டாக்டர் படிப்பு. ஒரே ஆள் உடம்பு முழுக்கப் படித்தால் மற்ற தெருக்காரர்கள் என்ன செய்வார்கள்? தலையிலிருந்து கழுத்து வரை இசக்கி, அதற்குக் கீழே இடுப்பு வரை சங்கையா, இடுப்புக்குக் கீழே வெள்ளத்தாயி.

அதில் ஒரு எல்லைத் தகராறு வந்தது.

“தொண்டை என்னோடது,” என்றான் இசக்கி.

“அதெப்படி? தொண்டையில போறது வயித்துக்குத்தான வருது? எனக்குத் தண்ணி வார வழியை நீ எப்படிலே வச்சுக்கிடுவே?” என்று மல்லுக்கு நின்றான் சங்கையா.

“முதல்ல ஒருத்தனுக்கு இருமல் வரட்டும். எந்தப் பக்கம் இருமுதான்னு பாத்துத் தீத்துக்கிடுவோம்,” என்றார் மாடக்கண்ணு.

தேவசகாயம் சாரிடம் கேட்டால் சிரிப்பார் என்று நினைப்பீர்கள். அவரோ, “பெரிய பட்டணத்துல அப்படித்தான் வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சை நாளும் வந்தது. பெயர் வரிசைப்படி இசக்கி முன்பெஞ்சில், அவன் பின்னால் சங்கையா, அதற்குப் பின்னால் வெள்ளத்தாயி. மணி அடித்ததும் இசக்கி மட்டும் எழுதினான். மற்ற ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் இசக்கி பேனாவை மூடினான். சங்கையா திறந்தான். காவலுக்கு வந்த வெளியூர் வாத்தியார் ஓடி வந்தார்.

“ஏம்மா, நீ ஏன் எழுதாம இருக்கே?”

“இன்னும் தண்ணி வரலை சார்,” என்றாள் வெள்ளத்தாயி.

அவர் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். அவர் முன்பெஞ்சுக்குப் போனார்.

“நீ ஏன்டா நிறுத்திட்டே?”

“என் பங்கு முடிஞ்சது சார். ஏழு தலைமுறையா நாங்க தலைமடையைத் தாண்டிக் கை வைக்கதில்லை.”

அவர் குனிந்து விடைத்தாளைப் பார்த்தார். இசக்கி ஒவ்வொரு விடையின் அடியிலும் ‘மிச்சம் பின்பெஞ்சில் வருகிறது’ என்று மறக்காமல் எழுதியிருந்தான். எல்லாப் பரீட்சையும் இப்படியே முடிந்தது.

பிறகு ரெண்டு மாசம். இசக்கி கொட்டில் பக்கமே போகவில்லை. கனவில் மட்டும் சொர்ணம் வந்து, பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

முடிவு வந்த அன்று ஊரே சாவடியில் கூடியிருக்க, தேவசகாயம் சார் துக்கவீட்டுக்கு வருகிறவர் மாதிரி வந்தார். “இசக்கிமுத்து, எல்லாப் பாடத்துலயும் முப்பத்து மூணு. சங்கையா முப்பத்து மூணு. வெள்ளத்தாயி முப்பத்து நாலு. முப்பத்தஞ்சு எடுத்தாத்தான் பாஸ்...”

அவர் முடிக்கவில்லை. மாடக்கண்ணு விரலை மடக்கிக் கூட்டினார். முகம் மலர்ந்தது. “நூறு! சுளையா நூறு!”

வேட்டு வெடித்தது. மேளத்தைத் தலைமடைக்காரர் ஒரு பக்கமும் கடைமடைக்காரர் மறுபக்கமும் அடித்தார்கள். “ஐயா, கூட்டக்கூடாதுய்யா! தனித்தனியாத்தான் பாக்கணும்! மூணு பேரும் ஃபெயில்!” என்று சார் தொண்டை கிழியக் கத்தினார்.

மேளம் நின்றது. மாடக்கண்ணு கண்ணை மூடி ஊருக்குப் பொதுவாக யோசித்தார்.

“கூட்டிப் பாத்தா ஊரு பாஸ். பிரிச்சுப் பாத்தா பிள்ளைக ஃபெயில். சரிதானய்யா?”

“அது... ஒரு வகையில...” என்றார் சார்.

“அப்ப நான் சொன்ன சொல்லு சொல்லுதான். பாஸானது மேல்படிப்புக்குப் போகணும். ஊரு போகட்டும். ஃபெயிலானது எருமை மேய்க்கணும். பிள்ளைக மேய்க்கட்டும்.”

மறுநாள் விடியும்போது கிழவன் கிழவி, கைப்பிள்ளை, கோழி உட்பட ஊர் முழுக்க வண்டி பூட்டி டவுன் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டது. கொட்டிலில் மூணு பேரும் சொர்ணமும்தான். சங்கையா காவிக்கட்டியால் எருமையின் மேல் ரெண்டு கோடு கிழித்தான். வயிற்றுப் பக்கம் தனக்கு என்று அதைச் சுற்றி ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மடியும் வாலும் வெள்ளத்தாயிக்கு.

“முன்பக்கம் உனக்குலே. கொம்பு, மூஞ்சி எல்லாம்.”

“ஏட்டி வெள்ளத்தாயி, வாலை எனக்குக் குடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று இசக்கி கும்பிட்டான்.

“நல்லாயிருக்கே! ஏழு தலைமுறைத் தலைமடையை விட்டுக்குடுக்கதா? மாமா வந்து அபராதம் போடவா?”

சொர்ணம் அசைபோடுவதை நிறுத்தியது.

இசக்கி ஓடினான். சொர்ணம் துரத்தியது. தங்கள் பங்கை விட்டால் அபராதம் என்பதால் சங்கையா வயிற்றுக் கயிற்றையும், வெள்ளத்தாயி வாலையும் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். வழியில் ஊர் வண்டிகளை எல்லாம் முந்திக்கொண்டு, டவுன் கல்லூரி வாசலுக்குள் முதலில் நுழைந்தது அவர்கள்தான். இசக்கி கொடிக்கம்பத்தில் ஏறிவிட்டான்.

பின்னாலேயே ஊரும் வந்து சேர, ஆபீஸ் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஊரையெல்லாம் சேர்க்க முடியாதுய்யா. ஒரு இடம்தான் காலி. அந்தப் பையன்?”

“ஃபெயில்,” என்றார் மாடக்கண்ணு. பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“கயித்தைப் பிடிச்சிருக்கவன்?”

“ஃபெயில்.”

“அந்தப் பிள்ளை?”

“அதுவும் ஃபெயில்.”

“அப்ப இந்தக் கூட்டத்துல முதல்ல வந்ததுல ஃபெயிலாகாதது யாருதான்யா?”

ஊர் திரும்பிப் பார்த்தது. சொர்ணம் கொடிக்கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் பெயரையே பதிந்துகொண்டார்கள். மூணு வருசம் ஒரு நாள் தவறாமல் வகுப்புக்குப் போனதாம். அது முடித்து வெளியே வந்த பிறகுதான் இசக்கி கம்பத்திலிருந்து இறங்கினான்.

இதெல்லாம் உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். யார் சொன்னது என்று எவனாவது கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சொர்ணத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது பெரிய பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள். எனக்கு எதற்கு வீண் பொல்லாப்பு?