இரண்டு பள்ளிக்கூடமும் பத்துச் சத்தமும்

ஓடைமலைக் காட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று மலைமேல், இன்னொன்று கீழே சதுப்பில். மலைப்பள்ளிக்கு மயில் நீலவேணி தலைமையாசிரியை. சதுப்புப் பள்ளிக்கு எருமை மாரக்கா. இரண்டிலும் பாடம் ஒன்றுதான். காட்டுச் சத்தங்கள்!

சிரிக்காதீர்கள். காட்டில் அதைவிட முக்கியமான படிப்பு எது? கருமந்தி இருமினால் சிறுத்தை வருகிறது, முட்புதருக்குள் ஓடு. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தினால் பாம்பு, பின்னால் தாவு. ஆள்காட்டிக் குருவி அலறினால் மனிதன் வருகிறான், தரையோடு தரையாகப் படு. காய்ந்த பனையோலை சலசலத்தால் வெறும் காற்று, பேசாமல் மேய். இப்படி மொத்தம் பத்துச் சத்தம். பத்தும் தெரிந்த குட்டி பிழைத்துக்கொள்ளும். தெரியாத குட்டி, பாவம், சிறுத்தைக்குச் சிற்றுண்டி.

ஒருநாள் காட்டை ஆண்ட யானை ராஜாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"என் காட்டுல எது நல்ல பள்ளி, எது மோசமான பள்ளின்னு எனக்குத் தெரிஞ்சாகணும்! பரீட்சை வையுங்க!" என்று பிளிறினார்.

பரீட்சை அதிகாரியாக மரங்கொத்தி கொத்தாயி நியமிக்கப்பட்டாள். மலைமைனாவுக்கு எந்தச் சத்தமும் அப்படியே போட வரும் அல்லவா? அது புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பத்துச் சத்தமும் போடும். குட்டிகள் ஓட வேண்டியதற்கு ஓடி, படுக்க வேண்டியதற்குப் படுத்துக் காட்ட வேண்டும். இரண்டு பள்ளிக்கும் ஒரே மைனா, ஒரே சத்தம். வருகிற சராசரி மதிப்பெண்ணைக் கொத்தாயி பள்ளி வாசல் மரத்தில் துளைகளாகக் கொத்துவாள். முதலாவது வந்த பள்ளி வாசலில் ஐந்து கொன்றைப் பூச்சரம் தொங்கும். கடைசியாக வந்த பள்ளிக்கு ஒரே ஒரு சரம்.

பரீட்சை நடந்தது. மலைப்பள்ளி மரத்தில் ஒன்பது துளை. சதுப்புப் பள்ளி மரத்தில் நாலே நாலு.

"நாலா? அப்புறம் எதுக்கு அந்தப் பள்ளி? மழைக்கு முன்னாடி இழுத்து மூடு! பிள்ளைங்க மலைப்பள்ளிக்குப் போகட்டும்!" என்றார் ராஜா.

சொல்லிவிட்டு அவர் கரும்பு தின்னப் போய்விட்டார். சதுப்பில் ஒரே அழுகை! மலைப்பள்ளிக்குப் போக ஒரே வழிதான் உண்டு. அது மூங்கில் பள்ளத்துக்குள் போகிறது. சிறுத்தை படுத்திருப்பதும் அந்தப் பள்ளத்தில்தான்.

"என் பிள்ளைங்க தினமும் அந்த வழியா போய்ட்டு வரணுமா? போகும், வராது!" என்று முயல் செவந்தி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கொத்தாயிக்கும் மனசு கேட்கவில்லை. அதோடு அவளுக்குப் பிறவியிலேயே ஒரு குணம். பட்டையைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. நேராகச் சதுப்புக்குப் பறந்தாள்.

"மாரக்கா, உங்க பள்ளிக்கு ஏன் நாலுதான் வந்துச்சு?"

சேற்றில் படுத்திருந்த மாரக்கா காதை ஆட்டினாள். "நாலாச்சும் வந்துச்சேன்னு நான் சந்தோஷமா இருக்கேன்!"

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க?"

"போன கோடையில கிழக்குக் காடு எரிஞ்சுதுல்ல? அங்கேருந்து தப்பிச்சு வந்த பிள்ளைங்கதான் இங்கே பாதிக்கு மேல. வந்த அன்னிக்கு ஒரு சத்தம் தெரியாது. பனையோலை ஆடினாக்கூட அலறி அடிச்சுக்கிட்டு தண்ணியில குதிக்கும். இப்போ நாலு சத்தம் தெரியுது. அந்த நாலையும் தூக்கத்துல கேட்டாக்கூடத் தப்பா செய்யாது!"

கொத்தாயி தலையைச் சாய்த்து யோசித்தாள். உடனே மலைக்குப் பறந்தாள்.

"நீலவேணியம்மா, உங்க பிள்ளைங்க பள்ளியில சேரும்போது அவங்களுக்கு எத்தனை சத்தம் தெரியும்?"

மயில் தோகையை விரித்தாள். "என் பிள்ளைங்களா! எல்லாம் கருமந்தி வீடு, புள்ளிமான் வீடு. காவல் காக்கிற பரம்பரை! சேரும்போதே எட்டு தெரியுமாக்கும்!"

"அடேங்கப்பா! எட்டுல சேர்ந்து ஒன்பதுல முடிக்கிறாங்க. அப்போ நீங்க சொல்லிக்கொடுத்தது ஒண்ணா?"

தோகை படக்கென்று மூடிக்கொண்டது.

கொத்தாயி ராஜாவிடம் போய் நின்றாள். "ராஜா, பிள்ளைங்க எங்கே வந்து நிக்குதுன்னு பார்த்தோம். எங்கேருந்து கிளம்புச்சுன்னு பார்க்கலையே!"

ராஜா துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "சரியான பேச்சு! சதுப்புப் பள்ளியை மூட வேண்டாம். வர்ற பருவத்துல ரெண்டு பரீட்சை. புதுசா சேர்ற பிள்ளைங்களுக்குத் தொடக்கத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு. எந்தப் பள்ளி அதிகமா முன்னேறுதோ அதுக்கு அஞ்சு சரம். குறைச்சலா முன்னேறுற பள்ளிக்குப் பூட்டு!"

சதுப்பில் எல்லோரும் துள்ளினார்கள். மலைமேல் நீலவேணிக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளும் எட்டு தெரிந்துகொண்டுதான் வருவார்கள். பத்துக்கு மேல் துளையே கிடையாது. எவ்வளவு முயன்றாலும் முன்னேற்றம் இரண்டுதான். மூன்று நாள் கிளையில் உட்கார்ந்து யோசித்தாள். நான்காம் நாள் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. புதுப் பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்றே அவர்களைத் திடலில் கூட்டினாள்.

"பிள்ளைங்களா, இனிமே புதுப் பாடம்! கருமந்தி இருமினா என்ன செய்யணும்?"

"முட்புதருக்குள்ள ஓடணும் டீச்சர்!"

"கிடையாது! காலை நீட்டிப் படுக்கணும். பனையோலை ஆடினா?"

"பேசாம மேயணும் டீச்சர்!"

"கிடையாது! குதிச்சு ஓடணும்!"

குட்டிகளுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே செய்ய வரவில்லை. இருமல் கேட்டால் கால் தானாகவே ஓடியது! நீலவேணி விடவில்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், பத்து நாள் பயிற்சி. கடைசியில் கால்கள் சொன்னபடி கேட்டன.

முதல் பரீட்சையில் சதுப்புக்கு ஒன்று. மலைப்பள்ளிக்கும் ஒன்று!

"போன வருஷம் எட்டோட வந்தாங்களே, இப்போ எப்படி ஒண்ணு?" என்று கொத்தாயி கேட்டாள்.

"அதை ஏன் கேக்குறீங்க! இந்த வருஷப் பிள்ளைங்க ரொம்ப மந்தம்" என்றாள் நீலவேணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

கொத்தாயி ஒரு துளை கொத்தினாள். ஆனால் அந்த மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாளே மலைமேல் பழைய பாடம் திரும்பி வந்தது. இருமினால் ஓடு. ஓலை ஆடினால் மேய். பருவம் முடிந்தது. கடைசிப் பரீட்சையில் மலைப்பள்ளிக்கு ஒன்பது, சதுப்புக்கு ஏழு. விட்ட மூன்றும் மலையில் மட்டுமே கேட்கிற சத்தங்கள். சதுப்பில் பாறை ஏது உருள?

அதை எல்லாம் யார் பார்த்தார்கள்? மலைப்பள்ளி எட்டு முன்னேறியது, சதுப்பு ஆறுதான் முன்னேறியது. அவ்வளவுதான்!

"ராஜா, எனக்கு என்னமோ இடிக்குது. ரெண்டு நாள் குடுங்க. உள்ளே போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று கொத்தாயி கெஞ்சினாள்.

"நீ கேட்ட மாதிரிதானே அளந்தோம்? இன்னும் என்ன? நாளைக்கு மலைப்பள்ளியில பூச்சரம் கட்டுவோம். சதுப்புப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அங்கேயே சேர்த்துடலாம்!"

மறுநாள் காலையில் மாரக்கா தன் பிள்ளைகளை நடுவில் விட்டு, மூங்கில் பள்ளம் வழியாக நடந்தாள். எருமையின் கொம்புக்குப் பயந்து சிறுத்தை பள்ளத்தில் அசையவில்லை. ஆனால் அவர்கள் கடந்து போனதும் எழுந்தது. அடியெடுத்து அடியெடுத்துப் பின்னாலேயே வந்தது.

மலைப்பள்ளி வாசலில் கொன்றைச் சரங்கள் தயார். ராஜா இன்னும் வந்து சேரவில்லை. நீலவேணி தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு பள்ளிக் குட்டிகளும் திடலில் நின்றன.

உச்சிக் கிளையில் காவலுக்கு இருந்த கருமந்தி இருமியது. ஒரு தரம். இரண்டு தரம்.

சதுப்புப் பிள்ளைகள் திடலில் இல்லை! கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனையும் முட்புதருக்குள் போயிருந்தன. மலைப்பிள்ளைகளோ நின்ற இடத்திலேயே நின்றன. எல்லாக் கண்ணும் டீச்சரைப் பார்த்தன. தாவி என்ற மந்திக்குட்டி மரியாதையாகக் கையைத் தூக்கியது.

"டீச்சர்! முதல் பரீட்சை மாதிரி செய்யணுமா, கடைசிப் பரீட்சை மாதிரி செய்யணுமா?"

அதற்குள் ஒரு மான்குட்டி காலை நீட்டிப் படுத்தேவிட்டது. சிறுத்தை பாய்ந்தது, அந்தக் குட்டியின் மேல்!

நீலவேணி வீரிட்டுக்கொண்டு மரத்தில் ஏறினாள். மாரக்கா தலையைக் குனிந்தாள். அவள் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. கொம்பு இடித்த இடியில் சிறுத்தை நாலு குட்டிக்கரணம் அடித்து, எழுந்து, மூங்கில் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. மான்குட்டிக்கு உயிர் இருந்தது. விலாவில் மூன்று நகக்கோடு, இரத்தம்.

கொத்தாயி தாவியின் பக்கத்தில் இறங்கினாள். "கண்ணு, முதல் பரீட்சை மாதிரின்னா என்ன?"

"எல்லாத்தையும் தப்பா செய்யணும்!" என்றது தாவி. "டீச்சர் பத்து நாள் பயிற்சி குடுத்தாங்க. தப்பா செய்றதுல நான்தான் வகுப்புலயே முதல்!"

கொத்தாயிக்கு இத்தனை நாள் இடித்தது எது என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் ராஜா வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் தரை அதிரக் காலை உதைத்தார்.

"மலைப்பள்ளியை மூடு! இப்பவே!"

"மூடினா இந்தப் பிள்ளைங்க எங்கே படிக்கப் போகும், ராஜா?" என்றாள் மாரக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்ககிட்டதானே வரணும்? அந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் இந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் நடுவுல அதே பள்ளந்தானே!"

ராஜா அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். நீலவேணி மரத்திலிருந்து இறங்கினாள். மான்குட்டியின் விலாவைப் பார்த்தாள். அடக்க முடியாமல் அழுதாள். அழுகை நின்றதும், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"மாரக்கா, ஒண்ணுமே தெரியாம வந்த பிள்ளைங்களுக்கு நீங்க எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"அதுங்களோட சேர்ந்து உட்கார்ந்து காது குடுத்தேன். வேற என்ன?"

ராஜா கொத்தாயி பக்கம் திரும்பினார். "அப்போ பரீட்சையே வேண்டாமா? தெளிவா சொல்லு!"

"வேணும் ராஜா. மரத்தைத் தட்டிப் பார்க்காம எங்கே புழு இருக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா தட்டிட்டு அப்படியே பறந்து போயிட்டா நான் பட்டினிதான் கிடக்கணும். தட்டுறது, எங்கே உள்ளே பார்க்கணும்னு தெரிஞ்சுக்க. போன வருஷமும் இந்த வருஷமும் நாம தட்டுனதோட நிறுத்திட்டோம்."

அன்று எந்தப் பள்ளிக்கும் பூட்டு விழவில்லை. ராஜா கொன்றைச் சரம் அத்தனையும் தானே தின்றுவிட்டார். அதன்பிறகும் வருஷா வருஷம் பரீட்சை நடந்தது. ஆனால் அது முடிந்ததும் கொத்தாயி இரண்டு பள்ளியிலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பத்துப் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தாள். மலைப்பிள்ளைகள் இருமலைக் கேட்டதும் டீச்சர் முகத்தைப் பார்க்காமல் ஓட, முழுதாக ஒரு பருவம் பிடித்தது.

நீதி: மதிப்பெண் எங்கே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே போய்ப் பார்க்காமல் பூச்சரமும் கட்டாதே, பூட்டும் போடாதே.