கரடி எழுதி வைத்த பலகை

ஒரு காட்டில் சட்டம் படித்த கரடி ஒன்று இருந்தது. படித்ததாக அதுவே சொல்லிக்கொண்டதுதான். வேறு யாரும் சொன்னதில்லை.

தன் பலாமரத்துக்குக் காவலாகக் கரடி ஒரு சண்டைச் சேவலை வளர்த்தது. சேவலுக்குத் தெரிந்த ஒரே வேலை, கொத்துவது. ஊற்றுக்குப் போகும் பாதையோ அந்த மரத்தடியில்தான் போனது. சேவலைக் கட்டிப்போடலாம் என்றால் கயிறு திரிக்க வேண்டும். கரடிக்குச் சோம்பல். ஆகவே ஒரு பலகையில் ‘சேவல் கொத்தும், ஜாக்கிரதை’ என்று எழுதி மரத்தில் மாட்டியது.

“இனி இது யாரைக் கொத்தினாலும் என்னை ஒன்றும் கேட்க முடியாது” என்று அணிலிடம் பெருமையடித்தது.

மறுநாள் சேவல் அந்த அணிலின் வாலையே கொத்தியது. கரடி கயிறு திரித்ததா? இல்லை. பலகையில் ‘வாலைக் கொத்தும்’ என்று ஒரு வரி சேர்த்தது. கீரியின் மூக்கைக் கொத்தியபோது இன்னொரு வரி. தன் கையெழுத்து அழகு என்று அதற்கு ஒரு நினைப்பு.

கடைசியில், தண்ணீருக்குப் போன முயலின் பின்னங்காலைச் சேவல் பதம் பார்த்துவிட்டது. பாவம், ஏழு குட்டிகளுக்குத் தாய். நொண்டிக்கொண்டே போய், காட்டில் வழக்குத் தீர்க்கும் யானையிடம் முறையிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வளர்த்த பிராணி யாரையாவது காயப்படுத்தினால், காயம் ஆறும்வரை காயம்பட்டவருடைய வேலையெல்லாம் வளர்த்தவர்தான் செய்ய வேண்டும். பிராணியின் குணம் வளர்த்தவருக்கே தெரியாது என்றால் மட்டும் மன்னிப்பு.

அதுவோ தேன் காலம். ஆண்டு முழுவதும் காத்திருந்த மலைத்தேனை விட்டுவிட்டு முயல்குட்டிகளின் பின்னால் ஓடுவதா? கரடிக்கு மனமே வரவில்லை. தன் சட்ட அறிவை நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது.

“கரடியாரே, இந்தச் சேவல் கொத்தும் என்று உமக்கு முன்பே தெரியுமா?” என்று யானை கேட்டது.

‘தெரியாது’ என்று பொய் சொல்லக்கூடக் கரடிக்குத் தோன்றவில்லை. ரோஷம் வந்துவிட்டது.

“எனக்கா தெரியாது? என்னை விவரம் இல்லாதவன் என்று நினைத்தீர்களா?” என்று கேட்டுவிட்டு, ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றி வந்து யானையின் முன்னால் வைத்தது. “வால், மூக்கு, எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறேன். இதைப் பார்க்காமல் வந்தது முயலின் தப்பு!”

“பார்த்தேன் அண்ணே,” என்றது முயல். “ஊற்றுக்கு வேறு வழி ஏது? பலகையைப் படித்தால் என் குட்டிகளுக்குத் தாகம் தீருமா?”

யானை மூன்று வரியையும் நிதானமாகப் படித்தது.

“சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீரே எழுதிக் கொண்டுவந்துவிட்டீர். இரண்டு பேரைக் கொத்தியது தெரிந்தும் கட்டிப்போடவில்லை. நாளை காலையிலேயே நீர் முயல் வீட்டு வேலைக்குப் போய்விட வேண்டும்.”

கரடி பலகையை எடுத்துத் தன் கையெழுத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தது.

தேன் காலம் முழுவதும் கரடி முயல் வளையின் வாசலில் கிடந்தது. மலையிலிருந்து தேன் வாசனை வந்தது. முதுகில் நான்கு குட்டிகள் சறுக்கி விளையாட, ஐந்தாவது அதன் காதைக் கடித்தது.

அந்தப் பக்கம் வந்த அணில், “என்னண்ணே, வழக்கு என்னாச்சு?” என்று கேட்டது.

“பிரமாதமா வாதாடினேன் தம்பி,” என்றது கரடி, கயிறு திரித்துக்கொண்டே. “என்ன, முயலுக்காக வாதாடிட்டேன்.”

நீதி: ஆபத்தை அறிந்தவர் அறிவித்தால் மட்டும் போதாது, அடக்கியும் வைக்க வேண்டும்.